ஜனவரி லீவுல ஃபோர்க்ஸ் போனா ரெண்டு நாள்ல ஒரு ஸ்டீல்ஹெட் கிடைக்குமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டது இது தான். சியாட்டில்ல வேலை பாக்குறீங்க, ஊட்டியில இருந்து அப்பா வந்திருக்காரு, வயசு 66, சின்ன வயசுல இருந்தே அவலாஞ்சி பக்கம் ட்ரவுட் பிடிச்சவரு. ஜனவரி மூணாவது வாரம் மார்ட்டின் லூதர் கிங் லீவோட சேர்த்து, சியாட்டிலுக்கு மேற்கே ஒலிம்பிக் பெனின்சுலாங்கிற தீபகற்பத்துல இருக்கிற ஃபோர்க்ஸ்ங்கிற ஊர்ல ரூம் போட்டு ரெண்டு நாள் ஸ்டீல்ஹெட், அதாவது கடலுக்குப் போய் ஆத்துக்குத் திரும்பி வர்ற ட்ரவுட், பிடிக்கணும், எந்த ராடு, எந்த இரை, எந்த ஸ்பாட், கைடு வச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "அப்பா கையில மீனோட ஒரு போட்டோ எடுத்தா போதும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அது தான் உண்மையான கேள்வியா தெரியுது. அதாவது ராடு எதுன்னு இல்ல, ரெண்டே நாள்ல அந்த மனுஷனுக்கு ஒரு மீனைக் காட்டிட முடியுமாங்கிறது தான்.

நேரா சொல்லிடுறேன். கிடைக்கலாம், ஆனா கிடைக்காம திரும்புறதுக்குத் தான் வாய்ப்பு அதிகம். ஸ்டீல்ஹெட்டை இங்க "ஆயிரம் வீச்சு மீன்"னு சொல்லுவாங்க, எனக்கு முதல் மீன் கிடைச்சது ரெண்டாவது குளிர்காலத்துல தான், அதுக்கு முன்னாடி எத்தனை நாள் வெறுங்கையோட வீட்டுக்கு வந்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஆனா அந்த வாய்ப்பை நல்லாவே கூட்டிக்கலாம், அதுக்கான வழி கடையில விக்கிற சாமான்ல இல்ல, எந்த நாள் எந்த ஆத்துல நிக்கிறீங்கங்கிறதுல இருக்கு. நான் மீன்வளம் படிச்சவன் இல்ல. அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணியில தூண்டிலோட வளர்ந்தவன், இங்க வந்து 17 வருஷம் ஆச்சு, அதுல 15 குளிர்காலம் இந்த ஒலிம்பிக் பெனின்சுலா ஆறுகள்ல நின்னிருக்கேன். கரையில நின்னும் இறங்கி நடந்தும் பிடிக்கிறது தான் எனக்குத் தெரிஞ்சது. படகுல துடுப்பு போடுற வித்தை என்கிட்ட இல்ல, அதனால படகு பத்தி நான் சொல்றதை மட்டும் பயணியா உக்காந்து போனவன் சொல்றதா எடுத்துக்கோங்க.

முதல்ல அப்பாகிட்ட சொல்ல வேண்டிய ஒரு விஷயம். அவர் நீலகிரியில பிடிச்ச ரெயின்போ ட்ரவுட்டும் இந்த ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம் தான், ஆன்கோரின்கஸ் மைகிஸ். வெள்ளைக்காரங்க நூறு வருஷத்துக்கு முன்னாடி அவலாஞ்சியில குஞ்சு பொரிக்க வச்சு ஓடையில விட்டாங்களே அதே மீனோட சொந்தக்காரன் இது. ஆத்துலயே தங்கிட்டா ட்ரவுட், கடலுக்குப் போய் பெருத்து திரும்பி வந்தா ஸ்டீல்ஹெட். குஞ்சா இருக்கும்போது ஆத்துல ஒண்ணுல இருந்து மூணு வருஷம், அப்புறம் பசிபிக் கடல்ல ரெண்டு மூணு வருஷம், திரும்பி வரும்போது சாதாரணமா 6ல இருந்து 12 பவுண்டு, சிலது 20 தாண்டும். சால்மன் மாதிரி முட்டை போட்டதும் எல்லாம் செத்துப் போறதில்ல, ஒரு சின்ன பங்கு மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு தடவை வரும், அதுலயும் பெண் மீன் தான் அதிகம். நீங்க ஃபெரி பிடிச்சு போர்ட் ஏஞ்சலஸ் வழியா போனா அது தாண்டினதும் 101 ரோடு எல்வா ஆத்தைக் கடக்கும், அங்க வண்டியை ஓரங்கட்டி அப்பாவுக்குக் காட்டுங்க. 1913ல கட்டுன அணையும் 1927ல கட்டுன இன்னொரு அணையும் அந்த ஆத்தை அடைச்சு வச்சிருந்துச்சு, கீழ் எல்வா க்ளாலம் பழங்குடி மக்கள் பல வருஷம் போராடினதுக்கு அப்புறம் 2011ல இருந்து 2014க்குள்ள ரெண்டையும் இடிச்சாங்க. அணைக்கு மேல நூறு வருஷம் சிக்கி வெறும் ட்ரவுட்டா கிடந்த மீனோட வாரிசுங்க, வழி திறந்ததும் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு இதை யோசிச்சாலே நெஞ்சு நிறையும். (எல்வாவுல தூண்டில் போடுற எண்ணம் வேண்டாம், நின்னு பாக்குறதுக்கு மட்டும் தான்.)

இப்ப நீங்க போற நாள். ஜனவரி நடுவுங்கிறது ஒரு சந்திப்பு மாதிரி. ஹேச்சரியில, அதாவது குஞ்சு பொரிக்கிற பண்ணையில, வளர்த்து விட்ட மீன் டிசம்பர், ஜனவரியில அதிகமா வரும், காட்டு மீன், அதாவது ஆத்துலயே பொறந்தது, ஜனவரியில தலைகாட்ட ஆரம்பிச்சு பிப்ரவரி மார்ச்சுல தான் உச்சத்துக்குப் போகும். அதனால உங்களுக்கு ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ரெண்டுமே நிறைய இருக்காது. தேதி மாத்த முடியுமான்னு நீங்க கேக்கல, லீவு அது தான்னு புரியுது, அதனால அதை விடுங்க.

தண்ணிக்கு வர்றேன், இது தான் முழு விஷயமும். ஃபோர்க்ஸ்ல வருஷத்துக்கு சுமார் 3 மீட்டர் மழை, நம்ம சென்னைக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள கொட்டிடும். ஆறு எல்லாம் குட்டை ஆறு, மலையில இருந்து இறங்கி சட்டுனு கடலுக்குப் போயிடும், அதனால ராத்திரி மழை பெஞ்சா காலையில வெள்ளம், மழை விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும். ஃபோர்க்ஸ் பக்கத்துல ஓடுற கலாவா ஆறு ஒரே ராத்திரியில பத்து மடங்கு ஏறி நான் பார்த்திருக்கேன். நம்ம ஊர்ல மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை கன அடி தண்ணி வருதுன்னு டிவியில சொல்லுவாங்களே, அதே கணக்கு தான் இங்கயும், யூஎஸ்ஜிஎஸ்னு அரசாங்க நிலவியல் துறை பல ஆத்துல கேஜ் வச்சு கன அடியில நெட்ல போடுறாங்க, எப்ப பார்த்தாலும் கிட்டத்தட்ட அந்த நேரத்து அளவு தெரியும், நோவாங்கிற அரசாங்க வானிலை, கடல் துறையோட நதி முன்னறிவிப்பு மையம் அடுத்த சில நாளைக்கு எவ்வளவு ஏறும் இறங்கும்னு ஒரு கோடும் போட்டுக் காட்டும். அந்த கிராஃபைப் படிக்க கத்துக்கிட்டா நீங்க பாதி ஸ்டீல்ஹெட் ஆள் ஆயிட்டீங்கன்னு அர்த்தம். ஏறுற கோட்டுல போகாதீங்க. தண்ணி ஏறும்போது மீன் நகர்ந்துக்கிட்டே இருக்கும், தண்ணியும் டீத்தண்ணி கலர்ல இருக்கும், குப்பையும் கட்டையும் வரும். உச்சிக்குப் போய்ட்டு கீழ இறங்குற கோடு, அதுல ரெண்டாவது நாள் காலையில, அது தான் நேரம். மேல ஏறின மீன் எல்லாம் அப்பத் தான் ஒரு இடம் பிடிச்சு நிக்கும். இங்க பழக்கமானவங்க "ஸ்டீல்ஹெட் பச்சை"ன்னு ஒரு கலர் சொல்லுவாங்க, வெளிறின பச்சையில லேசா பால் கலந்த மாதிரி, முழங்கால் ஆழத்துல நின்னா உங்க பூட்ஸ் மங்கலா தெரியணும், இடுப்பாழத்துல தெரியக் கூடாது, அந்தத் தண்ணி. ரொம்ப நாள் மழையே இல்லாம கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கிடந்தாலும் கஷ்டம் தான், மீன் உங்களைப் பார்த்துடும், வெளிச்சம் வந்ததுமே ஆழத்துக்குள்ள போயிடும்.

வெப்பநிலையும் பாருங்க. தண்ணி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல, 42, 44னு இருந்தா மீன் கொஞ்சம் நகர்ந்து வந்து கடிக்கும், 38க்குக் கீழ போயிட்டா மூக்குக்கு நேரா கொண்டு போய் வச்சா தான் உண்டு. மலையில மழையா விழுதா பனியா விழுதாங்கிறதும் முக்கியம், ஃப்ரீசிங் லெவல் கீழ இறங்கிட்டா மழை பனியா மலையிலேயே தங்கிடும், ஆறு வேகமா இறங்கி தெளியும், ஆனா தண்ணி குளிர்ந்துடும். ஒண்ணு குடுத்தா ஒண்ணு எடுத்துக்கும்.

ஃபோர்க்ஸோட அழகு என்னன்னா அரை மணி நேர ஓட்டத்துக்குள்ள நாலு ஆறு இருக்கு, நாலும் வேற வேற வேகத்துல தெளியும். சோல்டக் தான் முதல்ல தெளியும், பாறையும் குறுகலுமா இருக்கும், கரையில நிக்க இடம் கம்மி. கலாவாவும் சீக்கிரம் தெளியும். போகஷீல் கொஞ்சம் தாமதம், ஆனா அகலமான கூழாங்கல் கரை, நடக்க வசதி, ஹேச்சரி மீனும் அதுல தான் வருது, அதனாலயே கூட்டமும் அங்க தான். ஹோ ஆறு கடைசி, அது ஒலிம்பஸ் மலை பனிப்பாறையில இருந்து வர்ற தண்ணி, அதுல எப்பவும் ஒரு சாம்பல் நீலம் கலந்திருக்கும், கரை மண்ணு ஒரு இடத்துல சரிஞ்சா போதும் ரெண்டு மூணு நாள் கலங்கிப் போயிடும். ஹோ ஆத்துல 2,000ல இருந்து 3,500 கன அடி வரைக்கும் இருந்தா, அதுவும் இறங்கிக்கிட்டு இருந்தா, நான் சந்தோஷமா போவேன். கலாவாவும் போகஷீலும் ஃபோர்க்ஸ் பக்கத்துல சேர்ந்து, அப்புறம் சோல்டக்கோட சேர்ந்து க்விலயூட்னு பேர் மாறி லா புஷ்ல கடல்ல விழுது. உங்களுக்கு நான் சொல்ற யோசனை இது தான்: ஆத்தை இப்பவே முடிவு பண்ணாதீங்க, ரூமை மட்டும் போடுங்க, ஆத்தை வியாழக்கிழமை ராத்திரி கேஜ் பார்த்து முடிவு பண்ணுங்க, பண்ணினதுக்கு அப்புறம் ரெண்டு நாளும் அதே ஆத்துல ரெண்டு மூணு இடத்தோட இருங்க. புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு காருக்கும் ஆத்துக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கிறது. குளிர்காலத்துல வெளிச்சமே காலையில எட்டு மணிக்குத் தான் வருது, அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும், இருக்கிறது எட்டரை ஒம்போது மணி நேரம், அதை ரோட்டுல தொலைக்காதீங்க.

மீன் எங்க நிக்கும்? தாமிரபரணியில கசம்னு சொல்லுவோம் ஆழமான இடத்தை, கெளுத்தி அங்க தான் கிடக்கும்னு பழகினவன் நான், அதனால இங்க வந்த முதல் வருஷம் பூரா ஆழமான கசத்துலயே போட்டுக்கிட்டு இருந்தேன். அது பெரும்பாலும் தப்பு. ஸ்டீல்ஹெட் பயணத்துல இருக்கிற மீன், அது ஓய்வெடுக்க நிக்கிற தண்ணி வேற. நீங்க கரையில சாதாரணமா நடந்தா எந்த வேகமோ அந்த வேகத்துல தண்ணி ஓடணும், ஆழம் மூணுல இருந்து ஆறு அடி, அடியில பந்து அளவுல இருந்து பானை அளவு வரைக்கும் கல்லு. வேகத் தண்ணியும் மெதுவான தண்ணியும் உரசிக்கிற கோடு ஒண்ணு மேல நுரையா தெரியும், அந்தக் கோட்டுக்கு உள் பக்கம். அப்புறம் கசம் முடிஞ்சு தரை மேல ஏறி அடுத்த பாய்ச்சலுக்கு முன்னாடி தண்ணி வழுவழுன்னு இழுபடுமே, அந்த வால் பகுதி, காலையில முதல் வெளிச்சத்துல அங்க தான் மீன் இருக்கும், ராத்திரி கீழ இருந்து ஏறி வந்து மூச்சு வாங்குற இடம் அது. தண்ணி உசரமா இருக்கிற நாள்ல மீன் கரையை ஒட்டி வந்துடும், கால் வைக்கிற இடத்துல இருந்து எட்டு அடி தூரம் தான் இருக்கும், ஜனங்க நேரா அது மேலயே இறங்கி நடந்து போய் நடு ஆத்துல வீசிக்கிட்டு இருப்பாங்க. அதனால இறங்குறதுக்கு முன்னாடி பத்து தடவை கரையோரத்துலயே ஓட விடுங்க.

கருவி பத்தி சுருக்கமா சொல்றேன், இதுல கடைக்காரங்க சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் தக்கை போட்டு பிடிக்கிறது தான் சரி. அப்பாவுக்கு உடனே பிடிபடும், மத்த முறை எல்லாம் அடியில கல்லு தட்டுறதுக்கும் மீன் தட்டுறதுக்கும் வித்தியாசம் கையில தெரிய ஒரு சீசனாவது ஆகும். ஒம்போதரை, பத்து அடி ராடு, 8ல இருந்து 12 பவுண்டு லைனுக்குன்னு எழுதியிருக்கும், 3000 அல்லது 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், மேல மிதக்குற 30 பவுண்டு பின்னல் நூல், கீழ 10, 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (முள்ளு கட்டுற கடைசித் துண்டு நூல்) ரெண்டு அடி. அரை அவுன்ஸ் தக்கை, நூல்ல வழுக்கி ஏறி இறங்குற மாதிரி ஒரு ஸ்டாப்பர் முடிச்சு, எட்டுல ஒரு பங்கு அல்லது நாலுல ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக் (கனமான தலை வச்ச முள்ளு), ரோஸ், ஆரஞ்சு, வெள்ளைன்னு அஞ்சாறு. ஜிக் தரையில இருந்து ஒரு அடி மேல போகணும், தக்கை அப்பப்ப லேசா சாயாம ஒரே சீரா போனா இன்னும் ஆழம் பத்தலைன்னு அர்த்தம், அடிக்கடி முங்குனா ஆழம் ஜாஸ்தி. நூல் தண்ணி மேல வளைஞ்சு விழுந்து தக்கையை இழுக்கக் கூடாது, ராடு நுனியால நூலைத் தூக்கி மேல்பக்கமா திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கணும், தக்கை தானா மிதந்து போற மாதிரி. இந்த ஒண்ணை அப்பா அரை மணி நேரத்துல கத்துக்குவாரு, ட்ரவுட் பிடிச்ச கை அது.

இனிமே சொல்லப்போறது எல்லாம் உறுதியில்லாதது, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கலர் முதல்ல. கலங்கல்ல பெருசா பளிச்சுனு, தெளிவுல சின்னதா மங்கலாங்கிறது வரைக்கும் நான் ஒத்துக்குவேன், அதுக்கு மேல இந்த ரோஸா அந்த ரோஸாங்கிற சண்டை எல்லாம் பிடிக்கிறவனோட நம்பிக்கை தான்னு எனக்குப் படுது, நம்பிக்கை இருக்கிற கலரை நல்லா போடுவோம், நல்லா போட்டா மீன் கிடைக்கும். குளிர்கால மீன் ஏன் கடிக்குதுங்கிறதும் அப்படித்தான். ஆத்துக்கு வந்ததும் பெரும்பாலும் சாப்பாட்டை விட்டுடுது, வயித்தை அறுத்துப் பார்த்தா அனேகமா காலியா தான் இருக்கும், அப்புறமும் கடிக்குது, பழைய ஞாபகமா, கோவமா, எடத்தைக் காப்பாத்துறதா, நான் கேள்விப்பட்ட விளக்கம் எதுவும் என்னை முழுசா திருப்திப்படுத்தல. பாரோமீட்டர், நிலா இதெல்லாம் சிலர் சத்தியம் பண்ணுவாங்க, எனக்கு தண்ணி இறங்குறது தவிர வேற எதுவும் தொடர்ச்சியா வேலை செஞ்சதில்ல.

மீன் கடிச்சா எப்படி இருக்கும்னு சொல்றேன், ஏன்னா அந்த நேரத்துல யோசிக்க முடியாது. போன வருஷம் பிப்ரவரி, போகஷீல்ல ஒரு வால் பகுதி, நாப்பது தடவை ஓடின அதே கோடு. தக்கை படக்குனு எல்லாம் முங்கல, ஏதோ கல்லுல தொட்ட மாதிரி நின்னு, சாய்ஞ்சு, பச்சைக்குள்ள மெதுவா இறங்குச்சு. நான் ராடைத் தூக்கினேன், ஒரு நொடி தரையே மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு கனம், அப்புறம் அந்தத் தரை தலையை ரெண்டு தடவை உதறுச்சு. அடுத்தது ஓட்டம், ரீல்ல இருந்து நூல் கத்திக்கிட்டே போகுது, எதிர்க்கரை பக்கம் முழு மீனும் தண்ணிக்கு மேல வந்து விழுந்துச்சு. அந்த ஓட்டத்துல ஒண்ணும் செய்யாதீங்க, ரீல்ல பிரேக் மாதிரி இருக்கிற ட்ராக் தானா வேலை பாக்கும், ராடை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. பத்து நிமிஷம் கழிச்சு முழங்கால் தண்ணியில என் காலடிக்கு வந்துச்சு, பெண் மீன், பத்து பவுண்டு இருக்கும், தகரம் மாதிரி வெள்ளை, முதுகு ஈயக்கலர், துடுப்பு எல்லாம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுது, வால் பக்கம் ரெண்டு கடல் பேன் நீள நூல் வாலோட இன்னும் ஒட்டியிருக்கு. அந்தப் பேன் ஆத்துத் தண்ணியில சில நாள் தான் தாங்கும், அப்படின்னா இந்த மீன் இந்த வாரம் கடல்ல இருந்திருக்கு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல விரல் நுனி அளவு ஒரு குட்டிச் சதைத் துடுப்பு, அடிபோஸ் ஃபின்னு சொல்லுவாங்க, முழுசா இருந்துச்சு. காட்டு மீன். வால் கழுத்தை ஈரக் கையால பிடிச்சு, தலையை ஓட்டத்துக்கு எதிரா வச்சு, முள்ளை இடுக்கியால ஒரு திருப்பு திருப்பினேன், செவுள் நாலு தடவை திறந்து மூடுச்சு, என் கையை ஒரு தள்ளு தள்ளிட்டுப் போயிடுச்சு.

அந்தக் குட்டித் துடுப்பு தான் உங்க போட்டோவைத் தீர்மானிக்கும். ஹேச்சரி மீனுக்குக் குஞ்சா இருக்கும்போதே அதை வெட்டி விட்டிருப்பாங்க, அந்த இடம் ஆறிப் போய் வழவழன்னு இருக்கும், அதை எடுத்துக்கலாம், அடிக்கலாம், தூக்கி போட்டோவும் எடுக்கலாம். துடுப்பு இருந்தா காட்டு மீன், வாஷிங்டன் ஆறுகள்ல அதைத் திரும்ப விட்டே ஆகணும், ஒலிம்பிக் பெனின்சுலாவுல ஒண்ணு எடுத்துக்கலாம்னு இருந்த கடைசி விதிவிலக்கும் 2016ல முடிஞ்சுது. விடுறது மட்டும் இல்ல, விட வேண்டிய மீனை முழுசா தண்ணிக்கு வெளிய எடுக்கவே கூடாதுங்கிறது சட்டம். அதனால அப்பா தண்ணி ஓரத்துல மண்டி போட்டு, மீன் பாதி தண்ணியில, ஒரு கை வால்ல ஒரு கை நெஞ்சுக்கு அடியில, அப்படித்தான் எடுக்கணும், கேமராவை நீங்க முதல்லயே ரெடியா வச்சிருக்கணும். கடுங்குளிர் நாள்ல செவுள் காத்துல உறையக் கூட செய்யும். நான் ஒரு காட்டு மீன் விட்டேன்னா அன்னைக்கு நாள் பூரா ராடை மடக்கிடுவேன். இது சட்டம் இல்ல, என் முடிவு, எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வர்ற மீனை ஒரு நாளைக்கு மூணு தடவை மூச்சு வாங்க வைக்க எனக்கு மனசு வரல.

விதி இந்த ஆறுகள்ல வருஷா வருஷம், சில நேரம் சீசன் நடுவுலயே மாறும். 2020 டிசம்பர்ல கடலோர ஆறுகள்ல படகுல இருந்து தூண்டில் போடுறதையும் இரையையும் நிறுத்தினாங்க, 2021-22 சீசன்ல மீன் வரத்து மோசம்னு இந்தப் பக்க ஆறுகளையும் மார்ச் 1ல இருந்தே மூடிட்டாங்க. அதனால என் வார்த்தையை நம்பிப் போகாதீங்க, கிளம்புறதுக்கு முந்தின நாள் மாநில மீன்வளத் துறையோட அவசர விதிப் பக்கத்தைப் பாருங்க, அந்த ஆத்துல அந்த நாள் திறந்திருக்கா, இரை உண்டா, ஒத்தை முள்ளா, நுனியில எதிர்முள் இல்லாத முள்ளான்னு. நேஷனல் பார்க் எல்லைக்குள்ள போயிட்டா விதிப் புஸ்தகமே வேற. ரெண்டு பேருக்கும் தனித்தனி லைசென்ஸ், கூடவே பிடிச்ச மீனைப் பதியுற கார்டு. அப்பாவுக்கு குறுகிய நாள் லைசென்ஸ் வாங்கினா வாங்கும்போதே இது ஸ்டீல்ஹெட்டுக்குச் செல்லுமான்னு கவுன்டர்ல கேட்டுடுங்க. ஹேச்சரி மீன் வச்சுக்கிட்டா அந்த இடத்துலயே கார்டுல எழுதணும், ரூமுக்கு வந்து எழுதலாம்னு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, கீழ ஆத்துல வலை கட்டியிருக்கிறதைப் பார்ப்பீங்க. க்விலியூட், ஹோ பழங்குடி மக்களோட வலை அது. கரையில சிலர் அதைப் பத்தி கசப்பா பேசுவாங்க, அதைக் கேட்டுக்கிட்டு வந்து அப்பாகிட்ட அப்படியே சொல்லிடாதீங்க. 1855-56ல நிலத்தை எழுதிக் குடுத்தப்பவே மீன் பிடிக்கிற உரிமையை அவங்க தங்களுக்குன்னு வச்சுக்கிட்டாங்க, 1974ல நீதிபதி போல்ட் தீர்ப்புல பிடிக்கத் தக்க மீன்ல பாதி அவங்களுக்குன்னு உறுதி பண்ணினாங்க. அந்த ஆறு முதல்ல அவங்க ஆறு. ரிசர்வேஷன் நிலத்துல அவங்க அனுமதி இல்லாம இறங்காதீங்க.

இப்ப அப்பா. தம்பி, இதைக் கவனமா படிங்க. 66 வயசு மனுஷனை ஜனவரி ஆத்துல இடுப்பளவு இறக்காதீங்க, அவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சரி. 2012ல நான் கலாவாவுல தொடையாழத்துல ஒரு கல்லு உருண்டு விழுந்தேன், அப்ப எனக்கு 35 வயசு, நீச்சல் நல்லா தெரியும். தண்ணி முகத்துல பட்டதும் உடம்பு தானா மூச்சை உள்ள இழுக்குது, நிறுத்த முடியல, முதல் ஒரு நிமிஷம் அந்த மூச்சை அடக்குறது தான் உயிர், அதுக்கப்புறம் கை கால் சொன்ன பேச்சு கேக்குறது பத்து நிமிஷம் தான் இருக்கும். வேடர்ஸ், அதாவது ஆத்துல இறங்கப் போடுற நெஞ்சு உசர நீர்புகா உடை, அதுக்கு மேல இடுப்புல பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தேன், தண்ணி உள்ள போகல, கீழ நாப்பது அடியில கரை கிடைச்சுது. பெல்ட் இல்லாம இறங்கவே இறங்காதீங்க, கையில ஊன்றுகோல் வேணும், அடியில ஆணி உள்ள பூட்ஸ் வேணும், மாத்துத் துணி கார்ல இருக்கணும். அப்பா முழங்காலுக்கு மேல போகாம கூழாங்கல் கரையிலேயே நின்னு போடுற இடமா பாருங்க, போகஷீல்லயும் ஹோவுலயும் அப்படி நிறைய இருக்கு, தண்ணி கொஞ்சம் உசரமா இருந்தா மீனும் அந்தக் கரைக்கே வரும்னு மேல சொன்னேன்ல. போனதும் தண்ணி ஓரத்துல ஒரு வெள்ளைக் கல்லை வச்சிடுங்க, அரை மணிக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்க, கல்லு முங்கியிருந்தா இல்ல இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிச்சா ஆறு ஏறுது, எதிர்க்கரையிலயோ திட்டுலயோ இருந்தா உடனே திரும்பிடுங்க, இன்னும் ஒரு வீச்சுன்னு நினைக்காதீங்க. அங்க பல இடத்துல போன் சிக்னல் கிடையாது.

கைடு வச்சுக்கலாமான்னு கேட்டீங்க. பணம் ஒரு பொருட்டு இல்லைன்னா சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வைங்க, ரெண்டு பேருக்கு 500, 600 டாலர் ஆகும், டிப்ஸ் தனி. அப்பா நடக்க வேண்டாம், உக்காந்தே ஏழெட்டு மைல் ஆத்தைப் பார்ப்பாரு, ஒரு நாள்ல இருபது நல்ல இடத்தைத் தொடலாம், படகுல இருந்து பிடிக்கக் கூடாதுங்கிற சீசனா இருந்தாலும் இறக்கி விட்டுப் பிடிக்க வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் தனியா, முந்தின நாள் பார்த்த இடத்துல ஒண்ணுக்கு நடந்து போங்க. நான் கூட்டிட்டுப் போன நண்பர்கள்ல மீன் கிடைச்சவங்க அனேகம் பேருக்கு ரெண்டாவது நாள் காலையில தான் கிடைச்சுது, கை பழகிடும், அவசரம் போயிடும். ஹேச்சரி மீன் கிடைச்சா செவுளை வெட்டி ஆத்துத் தண்ணியிலயே ரத்தம் வடிய விட்டு எடுத்துட்டு வாங்க, புளிக்குழம்புக்கு இது ரொம்ப மென்மை, உடைஞ்சிடும், மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு தோலோட தவாவுல வறுத்தா நல்லா இருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி கலாவா கேஜும் ஹோ கேஜும் எவ்வளவு காட்டுது, கோடு ஏறுதா இறங்குதான்னு இங்கேயே எழுதுங்க, நான் பார்த்து எந்த ஆறுன்னு சொல்றேன். அப்பாவோட பூட்ஸ் சைஸும் சேர்த்துப் போடுங்க. என்கிட்ட ஒரு செட் வேடர்ஸ் பெல்ட்டோட சும்மா இருக்கு, ஆணி பூட்ஸ் பத்தாம் நம்பர், அவருக்குச் சரியா இருந்தா நீங்க போற வழியில ஒலிம்பியா வந்து வாங்கிட்டுப் போகலாம். ஃபெரி வழியை விட சுத்து தான், ஆனா இங்க இருந்து அபர்டீன் போய் அங்க 101ஐப் பிடிச்சும் ஃபோர்க்ஸுக்குப் போகலாம், எல்வா பாலத்தைத் திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்.